நீர் மிகுதியும் சோடியக் குறைவும்: ஹார்மோன் கோளாற்றுக்கான மருந்துகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

வயது எழுபதைக் கடந்த ஒருவர், சில நாட்களாகப் பேச்சில் தடுமாற்றமும் நடையில் தள்ளாட்டமும் கண்டு, பிறகு வீட்டாரையே அடையாளம் தெரியாமல் விழிக்கும் நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, முதல் இரத்தப் பரிசோதனையிலேயே சோடியம் 115 என்றோ 118 என்றோ வருவது இன்று அரிதான காட்சியன்று. ஒரு லிட்டர் இரத்த நீரில் 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய பொருள் அவ்வளவு இறங்கிவிட்டதைக் கேட்டதும், உடம்பில் உப்பு வற்றிவிட்டது என்றும், உணவில் உப்பைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் உறவினர் எண்ணிக்கொள்வது இயல்பே. ஆனால் இந்நோயாளிகளுள் பெரும்பகுதியினரிடம் குறைந்திருப்பது உப்பன்று, மிகுந்திருப்பது நீர். அளவாக உப்பிட்ட குழம்பில் எவரோ அறியாமல் ஒரு செம்பு நீரை ஊற்றிவிட்டால் அது உப்புச் சப்பற்றுப் போவதைப்போல, சரீரத்தில் உப்பு ஏறத்தாழ இருந்தபடியே இருக்க, வெளியேறவேண்டிய நீர் வெளியேறாமல் தங்கி அதனை நீர்க்கச் செய்துவிடுகிறது. நீரை அவ்வாறு தடுத்து நிறுத்துவது மூளையின் அடியில் பிறக்கும் ஒரு ஹார்மோன். அதன் கோளாற்றால் வரும் சோடியக் குறைவுக்கு எந்த மருந்தை, எந்த வேகத்தில், யாருக்குக் கொடுப்பது என்ற வினா அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திய உலகத்தில் விவாதத்துக்கு உரியதாகவே இருந்து வருகிறது.

வாஸோபிரெஸின் என்றும், சிறுநீரைக் குறைப்பதால் ஏ.டி.எச். என்றும் பெயர் பெற்ற இந்த ஹார்மோன், ஹைப்போதாலமஸ் என்னும் மூளைப் பகுதியில் உண்டாகி, பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதியில் சேமிக்கப்பட்டு, தேவையான பொழுது இரத்தத்தில் கலக்கிறது. நாய்களின் கழுத்துத் தமனியில் செறிவு மிக்க உப்பு நீரைச் செலுத்தி, உடனே சிறுநீர் சுருங்குவதைக் கண்டு, இரத்தத்தின் செறிவை அளந்தறியும் உணர்விகள் மூளையிலேயே உள்ளன என்று நிறுவியவர் கேம்பிரிட்ஜின் வெர்னி. 1947-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறைக்கு அஸ்திவாரமாயிற்று. இந்த ஹார்மோனின் அமைப்பை அறிந்து அதனைச் செயற்கையாகச் செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். சிறுநீரகத்தின் சேகரக் குழல்களிலுள்ள வி2 என்னும் ஏற்பியில் ஹார்மோன் சென்று பொருந்தியதும், அக்குழல்களின் சுவரில் நீர் நுழையும் நுண்வாயில்கள் வந்து அமைகின்றன. வெளியே போகவேண்டிய நீர் அவற்றின் வழியே இரத்தத்துக்குத் திரும்புகிறது. அக்வாபோரின் எனப்படும் இந்த வாயில்களைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரத்தம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீர்த்தாலும் சுரப்பு அடங்கிவிடுவதே இயற்கையின் ஏற்பாடு. அந்த ஏற்பாடு குலைந்து, இரத்தம் நீர்த்துக் கிடக்கும்போதும் ஹார்மோன் ஓயாமல் சுரக்குமானால், குடிக்கும் நீரெல்லாம் உள்ளேயே தேங்குகிறது.

நுரையீரல் புற்றுநோய் கண்ட இருவரிடம் இந்நிலையை முதன்முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர்கள் அமெரிக்காவில் வில்லியம் ஷ்வார்ட்ஸ், ஃபிரெடரிக் பார்ட்டர் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களுமாவர். 1957-இல் அவர்கள் எழுதிய கட்டுரை, சிறுநீரில் சோடியம் தாராளமாக வெளியேறியதைக் கண்டு, சிறுநீரக வழியே நேரும் சோடிய இழப்பென்றே அதனைத் தலைப்பில் குறித்தது. ஆயினும் அந்த இழப்புக்கு மூலகாரணம் ஹார்மோனின் தகாத சுரப்பாகவே இருக்கவேண்டும் என்று அனுமானித்தது. தேங்கிய நீரால் இரத்த நாளங்கள் நிறைந்துவிட்டதாக உணர்ந்த சரீரம், தன்னைக் காத்துக்கொள்ளவே உப்பையும் வெளியேற்றுகிறது என்பதும், நீர் அருந்துவதைக் குறைத்தால் சோடியம் தானே ஏறுகிறது என்பதும் அவர்களுடைய அவதானங்களால் புலப்பட்டன. ஹார்மோனை நேராக அளக்கும் வசதி இல்லாத காலத்தில் நோயாளியின் படுக்கையருகே நின்று செய்த ஊகம் அவ்வளவு துல்லியமாக அமைந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த வைத்தியர்கள்மேல் மரியாதை பெருகுகிறது.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் காரணத்தைப் பற்றிப் பேசவேண்டும். ஏனெனில் இந்நோயில் சிறந்த மருந்து பல சமயங்களில் ஒரு மருந்தை நிறுத்துவதாகவே இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் செர்ட்ராலின், எஸ்ஸிடலோபிராம் முதலியனவும், வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமஸெபினும், புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்ஃபமைடு ஆகியவையும் இந்த ஹார்மோனின் சுரப்பையோ செயலையோ தூண்டக்கூடியவை. இரத்த அழுத்தத்துக்காக முதியோர் பலர் உட்கொள்ளும் தயசைடு வகை மாத்திரைகளோ, வேறொரு வழியில் ஏறக்குறைய இதே தோற்றத்தை உண்டாக்குகின்றன. சிறுசெல் நுரையீரல் புற்றுநோய், நிமோனியா, காசநோய், மூளைக்காய்ச்சல், மூளையில் இரத்தக்கசிவு, அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வலியும் குமட்டலும் ஆகிய இவையெல்லாம் காரணங்களின் பட்டியலில் அடங்கும்.

இவற்றோடு வைத்து எண்ணாமல் தனியே பிரித்தறிய வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அட்ரினல் சுரப்பியோ, அதனை இயக்கும் பிட்யூட்டரியோ பழுதுபட்டுக் கார்ட்டிசால் குறையுமானால், வாஸோபிரெஸினை அடக்கிவைத்திருந்த ஒரு கட்டுப்பாடு நீங்கி, அச்சமயமும் நீர் தேங்கிச் சோடியம் இறங்குகிறது. பேறுகாலத்தில் மிகுந்த இரத்தப்போக்குக்கு ஆளாகிப் பல ஆண்டுகளுக்குப் பின் இந்நிலையில் வந்து சேரும் பெண்களை நம் நாட்டு வைத்தியர்கள் நன்கறிவார்கள். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களிடமும் பிட்யூட்டரி அழிந்து இது நேர்வதுண்டு. இவர்களின் சோடியக் குறைவுக்கு வேண்டியது ஹைட்ரோகார்ட்டிஸோனே. அட்ரினலே நேராகக் கெட்ட அடிசன் நோயில் அதனோடு ஃப்ளூட்ரோகார்ட்டிஸோனும் வேண்டும். காலைநேரக் கார்ட்டிசாலை அளந்து பாராமல், தகாத சுரப்பு என்று தீர்மானித்து வேறு மருந்துகளைக் கொடுத்துக்கொண்டிருப்பது, உயிரைக் காக்கும் எளிய சிகிச்சையை மறுப்பதற்கு ஒப்பாகும். அதே சமயம், கார்ட்டிசால் கிடைத்த சில மணி நேரத்தில் தேங்கிய நீர் வெள்ளமென வெளியேறிச் சோடியம் மிக விரைவாக ஏறும் என்பதையும் நினைவில் வைத்தல் அவசியம். தைராய்டு குறைவைப் பொறுத்தவரை, மிகக் கடுமையான நிலையிலன்றி அது சோடியத்தை இவ்வளவு இறக்குவதில்லை.

மூளையுறைக் காசநோயில் இன்னொரு சிக்கல் எழுகிறது. அங்கே ஹார்மோனால் நீர் தேங்குவதும் உண்டு. மூளை நோயின் விளைவாகச் சிறுநீரகம் மெய்யாகவே உப்பை இழந்து உடல் வறண்டுபோவதும் உண்டு. சோடியத்தின் எண் இரண்டிலும் ஒன்றுபோலவே தோன்றினாலும், முன்னதற்கு நீரைக் குறைக்கவேண்டும். பின்னதற்கு நீரும் உப்பும் கொடுக்கவேண்டும். மாற்றிச் செய்தால் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து தீங்கு விளையும். உப்பை இழக்கும் வகையினருக்குச் சலைனோடு ஃப்ளூட்ரோகார்ட்டிஸோனைச் சேர்த்துக் கொடுத்தால் சோடியம் விரைவில் சமனடைகிறது என்று லக்னோ ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையில் காட்டியிருக்கிறார்கள். அம்மருந்து பொட்டாசியத்தை இறக்கும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இனி, இந்த நோயின் சிகிச்சையில் எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கும் பிரச்சினைக்கு வருவோம். அது வேகத்தைப் பற்றியது. சோடியம் இறங்கும்போது நீர் மூளைச் செல்களுக்குள் புகுகிறது. கபாலமோ விரிந்து கொடுக்காத எலும்புக் கூடு. சில மணி நேரத்தில் இது நேர்ந்தால் மூளை வீங்கி வலிப்பும் மூர்ச்சையும் மூச்சுத் திணறலும் வந்து உயிரே போகலாம். சாதாரண அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஆரோக்கியமான பெண்கள் 15 பேர், சிகிச்சைக்குப் பின் சோடியம் இறங்கி, வலிப்பு வந்து, ஒருவரும் முழுமையாகத் தேறாமல், சிலர் இறந்தும் மற்றவர் மீளாத மூளைப் பழுதுக்கு ஆளாகியும் போனதை 1986-இல் ஆரிஃப் வெளியிட்டார். ஆனால் இறக்கம் இரண்டு நாட்களுக்கு மேல் மெதுவாக நிகழுமானால், மூளைச் செல்கள் தம்மிடமுள்ள பொட்டாசியத்தையும் கரிமப் பொருள்களையும் வெளியேற்றி, வீக்கத்தைத் தணித்துக்கொண்டு அந்தத் தாழ்ந்த சோடியத்துக்கே பழகிவிடுகின்றன. அவ்வாறு பழகிய மூளையில் சோடியத்தைத் திடீரென உயர்த்தினால் செல்கள் சுருங்கி, நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைகிறது. முதலில் தேறியதுபோல் காணப்பட்ட நோயாளி, இரண்டு மூன்று நாட்கள் கழித்துப் பேச்சிழந்து, விழுங்க இயலாமல், கைகால் அசைவற்றுக் கிடக்க நேர்கிறது.

இந்தச் சிதைவை 1959-இல் ஆடம்ஸ், விக்டர், மான்கால் ஆகியோர் மதுவுக்கு அடிமையானவர்களிடமும் போஷாக்கற்றவர்களிடமும் கண்டு விவரித்தபோது, அதற்கும் சோடியச் சிகிச்சைக்கும் உள்ள தொடர்பு எவருக்கும் தெரியாது. இரண்டு தசாப்தங்களுக்குப் பின்னரே, சோடியம் இறக்கப்பட்ட விலங்குகளில் விரைவான திருத்தம் செய்யப்பட்டவற்றுக்கே இந்நோய் வருவதை லாரெனோ முதலியோர் காட்டினர். 1986-இல் ஸ்டெர்ன்ஸும் சகாக்களும், ஒரு நாளில் 12 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தப்பட்ட நோயாளிகளிடமே இது தோன்றியதை வெளியிட்டார்கள். ஒரே ஆண்டில் வெளிவந்த இவ்விரு கட்டுரைகளுள் ஆரிஃபினுடையது தாமதத்தின் அபாயத்தையும், ஸ்டெர்ன்ஸினுடையது அவசரத்தின் அபாயத்தையும் உணர்த்தின. இரண்டும் உண்மையாயிருந்தமையால், வைத்தியர்கள் நெடுங்காலம் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். வலிப்போ மூர்ச்சையோ உள்ளவருக்கு முதல் சில மணி நேரத்தில் 4 முதல் 6 மில்லிமோல் வரை உடனே உயர்த்திவிட்டு, அதன்பின் நாளொன்றுக்கு 10-ஐத் தாண்டாமல், மதுப்பழக்கமோ பொட்டாசியக் குறைவோ போஷாக்கின்மையோ உள்ளவருக்கு 8-ஐயும் தாண்டாமல் நிறுத்தவேண்டும் என்பதே அந்த வாதத்திலிருந்து பிறந்த இணக்கம்.

அவசர நிலையில் இன்றும் ஈடிணையற்ற மருந்து மூன்று சதவீத உப்புச் சலைன்தான். அதனை 100 அல்லது 150 மில்லிலிட்டர் அளவில், பத்து இருபது நிமிடத்தில் ஏற்றி, தேவையானால் திரும்பவும் ஏற்றும் முறை இப்போது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. 178 நோயாளிகளைக் கொண்டு கொரியாவில் நடத்திய ஒரு பரிசோதனையில், இவ்வாறு இடைவிட்டுத் தருவதும் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து தருவதும் அளவுமீறிய உயர்வைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு காட்டவில்லை. ஆனால் இடைவிட்டுத் தரும் முறையில் பயன் விரைவாகக் கிடைத்தது. எங்கும் சாதாரணமாக ஏற்றப்படும் 0.9 சதவீதச் சலைனோ இந்நோய்க்குப் பொருந்தாதது மட்டுமன்று, கெடுதலாகவும் முடியலாம். அதன் ஒரு லிட்டரில் 308 மில்லி ஆஸ்மோல் உப்பு உள்ளது. நோயாளியின் சிறுநீர் லிட்டருக்கு 616 என்னும் செறிவில் இறங்கிக்கொண்டிருந்தால், அந்த உப்பு முழுவதும் அரை லிட்டர் சிறுநீரிலேயே வெளியேறிவிட, மீதி அரை லிட்டர் வெறும் நீராக உள்ளே தங்கிச் சோடியத்தை மேலும் இறக்குகிறது. இந்த எளிய கணக்கை அறியாமல் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை என்பது வருந்தத்தக்கது. பொட்டாசியம் குறைந்தவருக்குப் பொட்டாசியம் கொடுத்தாலே சோடியமும் ஏறும் என்ற உண்மையும் சிலவேளை மறக்கப்படுகிறது. அதைக் கணக்கில் சேர்க்காவிடில் உயர்வு எல்லை மீறும். அவ்வாறு மீறிவிட்டால், டெஸ்மோபிரெஸின் என்னும் செயற்கை ஹார்மோனையும் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸையும் கொடுத்துச் சோடியத்தைத் திரும்ப இறக்கலாம். நோய்க்கு மூலமான ஹார்மோனே தக்க கையில் நோயாளியைக் காக்கும் கருவியாகிறது.

அவசரமற்ற, நாட்பட்ட நிலைக்குத்தான் மருந்துகளின் போட்டி. அங்கே முதலில் சொல்லப்படுவது மருந்தன்று. ஒரு நாளில் அருந்தும் திரவம் முழுவதையும் ஒரு லிட்டருக்குள், சிலருக்கு அதற்கும் கீழே, அடக்குவது. இதற்குப் பக்கவிளைவோ செலவோ இல்லை. எனினும் வெயிற்காலத்தில் தாகத்தோடு தவிக்கும் முதியவரிடம் இதனைச் சொல்வது எளிது, கடைப்பிடிக்கச் செய்வது கடினம். டப்ளின் நகரில் 46 பேரைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட பரிசோதனையில், நீரைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு மூன்று நாளில் சோடியம் 3 மில்லிமோலும், ஒன்றும் செய்யாதவர்களுக்கு 1 மில்லிமோலும் ஏறியது. பயன் உண்டு, ஆனால் சிறியது. சிறுநீரின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிய தொகை இரத்தச் சோடியத்தைவிட அதிகமாயிருந்தால், நீர்க்கட்டுப்பாடு மட்டும் பலிக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அளவிடுவதற்கு இவ்வளவு சுலபமான குறிப்பு இருக்கையில், பலிக்காத கட்டுப்பாட்டில் ஒருவரை வாரக்கணக்கில் வருத்துவது நியாயமாகாது.

மருந்துகளுள் மூத்தவை லித்தியமும் டெமெக்ளோசைக்ளினும். மனநோய்க்கு லித்தியம் உண்பவர்கள் ஏராளமாகச் சிறுநீர் கழிப்பதைக் கண்டு, அந்தப் பக்கவிளைவையே சிகிச்சையாக்கிக்கொள்ளும் யுக்தி 1970-களில் தோன்றியது. பலன் நிச்சயமற்றதாகவும் நச்சுத்தன்மை நிச்சயமாகவும் இருந்தமையால் அது நிலைக்கவில்லை. டெட்ராசைக்ளின் குலத்தைச் சேர்ந்த டெமெக்ளோசைக்ளின், சேகரக் குழல்களை ஹார்மோனுக்குச் செவிசாயாமல் செய்கிறது. லித்தியத்தைவிட அது மேலானது என்று 1978-இல் ஒப்பிட்டுக் காட்டப்பட்டபின் நெடுங்காலம் அதுவே வைத்தியர்களின் கைமருந்தாக விளங்கிற்று. செயல்படத் தொடங்க மூன்று நான்கு நாட்களாவதும், வெயில் பட்டால் தோல் கன்றுவதும், கல்லீரல் கெட்டவர்களுக்குச் சிறுநீரகத்தையும் கெடுப்பதும் அதன் குற்றங்கள். 2014-இல் ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த நெறிமுறை இவ்விரண்டையும் வேண்டாமென்றே தள்ளிவிட்டது.

ஃபுரோஸமைடு என்னும் நீரிறக்கி சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றலையே குலைப்பதால், அதனை உப்பு மாத்திரையோடு சேர்த்துத் தருவது தர்க்கத்துக்கு உகந்ததே. ஆனால் தாய்லாந்தில் 92 நோயாளிகளைக் கொண்டு நீர்க்கட்டுப்பாடு மட்டும், அதனோடு ஃபுரோஸமைடு, அதனோடு உப்பும் என்று மூன்றாகப் பிரித்துச் சோதித்தபோது, சோடிய உயர்வில் வித்தியாசம் தெரியவில்லை. சிறுநீரகப் பாதிப்பும் பொட்டாசியக் குறைவும் மட்டும் மருந்து உண்டவர்களிடம் அதிகமாயின. தர்க்கத்துக்கு உகந்த மருந்துகளெல்லாம் அனுபவத்தில் பலித்துவிடுவதில்லை.

யூரியாவைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். வயலுக்கு உரமாகவே அப்பெயரைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, தூய்மைப்படுத்தப்பட்ட அதே பொருள் உயிர்காக்கும் ஔஷதமாவது வியப்பாயிருக்கலாம். (உரக்கடையில் விற்கும் யூரியா மனிதர் உண்ணத்தக்கதன்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) நாம் உண்ணும் புரதம் செரித்து முடியும்போது கல்லீரல் உண்டாக்குவது யூரியா, அதை வெளியேற்றும்போது சிறுநீரகம் நீரையும் சேர்த்தே வெளியேற்றியாக வேண்டும். 30 கிராம் யூரியா 500 மில்லி ஆஸ்மோலுக்குச் சமம். லிட்டருக்கு 500 என்ற செறிவில் சிறுநீர் கழிக்கும் ஒருவர் அதனை உட்கொண்டால், ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் அதிகமாக வெளியேறும். ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் இந்த இழுப்பை அதனால் முழுதும் தடுக்க இயலாது. பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் கீ தெகோவும் சகாக்களும் 1980 முதல் இதனை நோயாளிகளுக்குக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் பயன் தொடர்வதை எழுதி வந்திருக்கிறார்கள். வி2 ஏற்பியே பிறவியிலேயே பழுதுபட்டு, ஹார்மோன் இல்லாமலே நீரைத் தேக்கும் குழந்தைகள் 2005-இல் விவரிக்கப்பட்டனர். ஏற்பியை அடைக்கும் புதிய மருந்துகள் பயனளிக்காத அத்தகையோருக்கும் யூரியா பயன்படுகிறது.

இதன் பெருங்குறை கசப்பு. பழரசத்திலோ சர்க்கரைப் பாகிலோ கலந்து, உணவுக்குப் பின் கொடுப்பது வழக்கம். குமட்டல் சிலருக்கு வரும். இரத்தத்தில் யூரியாவின் அளவு ஏறித் தோன்றும்போது, சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று கணக்கறியாதவர் அஞ்சக்கூடும். கல்லீரல் செயலிழந்தவருக்கும் சிறுநீரகம் பழுதுபட்டவருக்கும் இது பொருந்தாது. ஆனால் இதனால் சோடியம் விரைந்து ஏறியபோதும் மயலின் உறை சிதைவது அரிது. மூளைச் செல்களுக்குள்ளும் யூரியா புகுந்து சமனாவதே இதற்குக் காரணமாகலாம் என்பதற்கு எலிகளில் செய்த சோதனைகள் சான்று தருகின்றன. கஞ்சியும் ரசஞ்சாதமுமாக, புரதம் மிகக் குறைந்த உணவில் நாட்களைக் கழிக்கும் நம் வீட்டு முதியோரை எண்ணுமிடத்து, யூரியாவைப் பற்றிய இந்த விளக்கம் இன்னொன்றையும் உணர்த்துகிறது. கழிவுப்பொருள் குறைவாக உண்டாகும் உடம்பு, நீரைக் கழிக்கவும் வகையற்றுப் போகிறது. ஒரு நாளில் 90 கிராம் புரதம் உண்பவரின் உடலில் ஏறத்தாழ 30 கிராம் யூரியா தானே உண்டாகும். சிறுநீரகம் நன்றாயிருக்கும் முதியவருக்குப் பருப்பும் முட்டையும் பாலும் தக்கபடி கூட்டுவது, சோடியத்துக்கும் ஓரளவு சிகிச்சையே.

புதிய மருந்துகளான வாப்டன்கள் இந்த வரலாற்றில் மிக அழகிய விஞ்ஞான சாதனை என்பதில் ஐயமில்லை. ஹார்மோன் பொருந்தும் ஏற்பியையே அடைத்து, உப்பைத் தொடாமல் நீரை மட்டும் வெளியேற்றும் மூலக்கூறை ஜப்பானின் ஓட்சுகா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் தேடிக் கண்டனர். முதலில் மொஸவாப்டன், பிறகு டோல்வாப்டன் வெளிவந்தன. இரத்தக்குழாய் வழியே தரும் கோனிவாப்டன் 2005-இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரையாகத் தரும் டோல்வாப்டனை 448 நோயாளிகளிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட இரு பரிசோதனைகளின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. நான்காம் நாளிலும் முப்பதாம் நாளிலும் சோடியம் தெளிவாக உயர்ந்திருந்தது. மருந்தை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் பழையபடி இறங்கிற்று. அதாவது, மருந்து நோயை அடக்குகிறதேயன்றி நீக்குவதில்லை. காரணம் நீங்காதவரையில் மருந்தும் நீங்க இயலாது. 2009-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதனை அனுமதித்தன. இந்தியாவிலும் அது இப்போது கிடைக்கிறது.

அதன் வலிமையே அதன் அபாயமுமாகும். முதல் நாளிலேயே பல லிட்டர் நீர் வெளியேறி, நோயாளி தாகத்தால் தவிக்க, சோடியம் எல்லையைக் கடந்துவிடக்கூடும். 120-க்கும் கீழே இறங்கியவர்களிடம் இந்த அபாயம் அதிகம். ஆகவே மருத்துவமனையில் வைத்தே தொடங்கவேண்டும், முதல் நாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியத்தை அளக்கவேண்டும், அந்த நாளில் நீர் அருந்துவதைக் கட்டுப்படுத்தக்கூடாது, மூன்று சதவீதச் சலைனோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 15 மில்லிகிராமுக்குப் பதிலாக அதில் பாதியைக் கொண்டு தொடங்குவோர் இப்போது பலர். அவர்கள் செய்வதே எனக்கு விவேகமாகத் தோன்றுகிறது. வேறொரு சிறுநீரக நோய்க்காக மிக அதிக அளவில் இதே மருந்தை உண்டவர்களுள் சிலருக்குக் கல்லீரல் பழுது கண்டதால், 2013-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதனை முப்பது நாட்களுக்கு மேல் தரவேண்டாமென்றும், கல்லீரல் நோயுள்ளவருக்குத் தரவே வேண்டாமென்றும் எச்சரித்தது. நாட்பட்ட நோய்க்கான மருந்துக்கு முப்பது நாள் எல்லை விதிக்கப்பட்டால், அதன் பயன் எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதே சான்றுகளைப் பார்த்து, 2013-இல் அமெரிக்க நிபுணர் குழு வாப்டன்களுக்கு இடமளித்ததும், அடுத்த ஆண்டில் ஐரோப்பியர் அவற்றை விலக்கி யூரியாவுக்கு இரண்டாம் இடம் கொடுத்ததும், இவ்விஷயத்தில் கருத்து எவ்வளவு பிளவுபட்டிருக்கிறது என்பதைக் காட்டும். பிரஸ்ஸல்ஸில் 13 நோயாளிகளுக்கு ஓராண்டு வாப்டனும், பின் ஓராண்டு யூரியாவும் கொடுத்துப் பார்த்ததில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பலித்தன. 13 பேர் என்பது சிறிய தொகைதான். ஆயினும் நெடுநாள் நடந்த நேரடி ஒப்பீடு என்ற முறையில் அது மதிப்புடையது.

இப்போது கடைசியாகக் களத்தில் இறங்கியிருப்பது, சர்க்கரை வியாதிக்காகப் பிறந்த எம்பாகிளிஃப்ளோஸின். அது சர்க்கரையைச் சிறுநீரில் இறக்க, சர்க்கரை நீரை இழுத்துக்கொண்டு போகிறது. யூரியாவின் யுக்தியே இங்கு வேறு உருவில் வந்திருக்கிறது எனலாம். சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்தார் 88 பேரிடம் நான்கு நாட்கள் நீர்க்கட்டுப்பாட்டோடு இதனைக் கொடுத்ததில் சோடியம் 10 மில்லிமோலும், வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு 7 மில்லிமோலும் ஏறின. எளிதில் விழுங்கத்தக்கது, எங்கும் கிடைப்பது என்பன இதன் சாதகங்கள். மெலிந்து நலிந்த முதியவர்களுக்கு எடை மேலும் குறைவதும், சிறுநீர்த் தாரைத் தொற்றும் கவனிக்கப்படவேண்டியவை. நெடுங்காலப் பரிசோதனைகள் வரும்வரையில் இதனை நம்பிக்கையோடும் எச்சரிக்கையோடும் பார்ப்பதே முறை.

சோடியத்தின் எண்ணை உயர்த்துவதால் நோயாளிக்கு என்ன நன்மை என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு எந்த மருந்தையும் புகழ்வதில் பொருளில்லை. லேசான குறைவுள்ள, நோய்க்குறி ஏதுமில்லை என்று கருதப்பட்ட 122 பேரை 2006-இல் பிரஸ்ஸல்ஸில் ஆராய்ந்ததில், ஐவரில் ஒருவர் தவறி விழுந்தே மருத்துவமனைக்கு வந்திருந்தார். சோடியம் சரியாயிருந்தவர்களிடம் அவ்வாறு விழுந்தோர் நூற்றுக்கு ஐவரே. நடையும் கவனமும் சோடியக் குறைவால் கெடுகின்றன என்பதை அந்த ஆய்வு சுட்டிக்காட்டிற்று. மறுபுறத்தில், ஐரோப்பிய மருத்துவமனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு அண்மையில் நடந்த பெரிய பரிசோதனை, சோடியத்தைக் குறிவைத்துத் திருத்தினாலும் முப்பது நாளுக்குள் நேரும் மரணமோ மீண்டும் மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை என்று கண்டது. பலருக்குச் சோடியக் குறைவு மூல நோயின் கடுமைக்கு அடையாளமாக நிற்கிறதேயன்றி, அதுவே கொல்வதில்லை என்று இதனால் கொள்ளலாம். வேகத்தைப் பற்றிய அச்சமும் இப்போது மறுபரிசீலனைக்கு வந்திருக்கிறது. டொராண்டோ நகர மருத்துவமனைகளில் 22,858 சேர்க்கைகளை ஆராய்ந்ததில் மயலின் சிதைவு கண்டவர் 12 பேர். அவர்களுள் எழுவருக்குத் திருத்தம் விரைவாக நடந்திருக்கவும் இல்லை. மிக மெதுவாகத் திருத்தப்பட்டவர்களிடம் மரணம் அதிகம் என்று அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நோய் முற்றியவர்களுக்கே திருத்தம் மெதுவாக நடக்கும் என்பதால், அதனை முடிந்த முடிபாகக் கொள்வது அவசரமாகும். சோடியம் 105-க்குக் கீழே கிடக்கும், மது அருந்தும், மெலிந்த நோயாளிக்குப் பழைய எல்லையைத் தளர்த்த இந்த ஆய்வுகள் எவையும் எனக்குத் துணிவளிக்கவில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கையில், வலிப்பும் மயக்கமும் உள்ளவருக்கு மூன்று சதவீதச் சலைனும், கார்ட்டிசால் குறைந்தவருக்கு ஹைட்ரோகார்ட்டிஸோனும், மருந்தால் நோய் கண்டவருக்கு அம்மருந்தின் நீக்கமும் சர்ச்சைக்கு இடமில்லாதவை என்றும், நாட்பட்ட நிலையில் நீர்க்கட்டுப்பாடு தோற்றபின் யூரியாவே முதலில் கருதத்தக்கது என்றும், டோல்வாப்டன் மருத்துவமனைக் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்கு உரியது என்றும் கருதுகிறேன். யூரியாவுக்குக் காப்புரிமை இல்லை; ஆகவே அதற்காகப் பெரும்பொருள் செலவிட்டுப் பரிசோதனை நடத்த முன்வரும் நிறுவனமும் எளிதில் வாய்ப்பதில்லை. காசநோயும் முதுமையும் ஒருங்கே நிறைந்த நம் நாட்டில், அந்தக் கடமையை அரசு மருத்துவக் கல்லூரிகளே மேற்கொள்ளவேண்டும். யூரியாவையும் டோல்வாப்டனையும் எம்பாகிளிஃப்ளோஸினையும் போதிய எண்ணிக்கையுள்ள நோயாளிகளிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டு, விழுதலும் எலும்பு முறிவும் மறதியும் குறைகின்றனவா என்பதை அளந்து அவை வெளியிடவேண்டும். அதுவரையில், வீட்டில் முதியவர் ஒருவர் காரணமின்றித் தடுமாறி விழுந்தாலோ குழம்பிப் பேசினாலோ, அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் சென்று, இரத்தச் சோடியத்தையும் பார்த்துவிடும்படி கேட்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.